முதல் இருபது பைட்டுகள்

கோவளத்து மீனவர் குப்பத்திலிருந்து கேளம்பாக்கம் சென்று, அங்கிருந்து வண்டலூர்ச் சாலையில் மேற்கே திரும்பித் தாம்பரத்தை அடைந்து, குரோம்பேட்டை, கிண்டி, தரமணி எனச் சுற்றிவரும் நிலப்பகுதியில், கணினி நிரல்கள் எழுதப்படும் இடங்களும் அவற்றை அன்றாடம் பயன்படுத்தும் மக்களும் அருகருகே இருக்கின்றனர். சிறுசேரி சிப்காட் பூங்காவின் அலுவலகக் கட்டடங்கள் கோவளக் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே எழுந்து நிற்கின்றன. எந்த மொழியில் எழுதப்பட்டாலும், எந்த அலுவலகத்தில் எழுதப்பட்டாலும், ஒரு நிரல் பயனரின் கையை அடையும்போது கோப்பாகவே வந்து சேருகிறது. நிரலாளர் எழுதிய மூல நிரலைக் கம்பைலர் என்னும் மொழிமாற்றி நுண்செயலிக்குப் புரியும் எண்களாக மாற்ற, லிங்கர் என்னும் இணைப்புக் கருவி அவற்றை ஒழுங்குபடுத்தி அடுக்கித் தருகிறது. அவ்வாறு கிடைக்கும் கோப்பை இயங்குகோப்பு என்பர். அந்த அடுக்கு முறை எல்லாக் கணினிகளிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றுக்கொன்று ஒவ்வாத பல அடுக்கு முறைகளையும் படிக்கவும் மாற்றவும் வல்ல கருவிகள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து வந்திருப்பதால்தான், ஓர் இயந்திரத்துக்காகச் செய்த உழைப்பு அந்த இயந்திரத்தோடு அழிந்துவிடாமல் இன்னொன்றுக்குக் கடந்து செல்கிறது.

இந்த ஒவ்வாமையைத் தமிழ்நாட்டின் மாணவர் பலர் நேரிலேயே கண்டிருக்கின்றனர். தமிழ்நாடு அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்னும் இரண்டு இயங்குதளங்களும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியன் என்னும் உலகளாவிய லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இந்திய இயங்குதளமாகும். சி-டாக்கும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து 2005-இல் அமைத்த கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையமே இம்முயற்சிக்குப் பின்புலமாக இருந்தது. விண்டோஸில் இயங்கிய ஒரு விளையாட்டையோ தட்டச்சுப் பயிற்சி மென்பொருளையோ அதே மடிக்கணினியில் பாஸ் பக்கம் திறந்துகொண்டு சொடுக்கினால் அது இயங்காது. நுண்செயலி ஒன்றே, நினைவகம் ஒன்றே, வன்வட்டும் ஒன்றே என்றிருக்க, கோப்பு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது என்ற கேள்வி அந்த வயதில் எழுவது இயல்பு; அதற்கு விடை கோப்பின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

ஒரு கோப்பை இயக்குமாறு பயனர் கேட்டவுடன், லினக்ஸின் கெர்னல் எனப்படும் உட்கரு அக்கோப்பின் முதல் 256 பைட்டுகளை மட்டும் எடுத்துப் பார்க்கிறது. பைட் என்பது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். உட்கருவுக்குள் ஒவ்வொரு கோப்பு வடிவத்துக்கும் ஒரு கையாளி உண்டு; அவை வரிசையாக வந்து அந்தப் பைட்டுகளைப் பார்த்து, தமக்குரிய வடிவமாயின் ஏற்றுக்கொள்கின்றன, அன்றேல் அடுத்ததற்கு விட்டுவிடுகின்றன. முதல் நான்கு பைட்டுகள் 127, 69, 76, 70 என்றிருந்தால் அது லினக்ஸுக்குரிய எல்ஃப் வடிவம். அவற்றுள் பின்னுள்ள மூன்று எண்களும் ஆங்கில எழுத்துகளாக அவ்வடிவத்தின் பெயரையே உச்சரிக்கின்றன. முதலிரண்டு பைட்டுகள் 77, 90 என்றிருந்தால் அது டாஸ் காலத்திலிருந்து விண்டோஸ் வரை தொடரும் குடும்பம். அவை அவ்வடிவத்தை வகுத்த மைக்ரோசாஃப்ட் நிரலாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள். எந்தக் கையாளியும் ஏற்காத கோப்பைக் கோப்பு வடிவம் பிழையானது என்ற ஒற்றை வரியுடன் உட்கரு திருப்பி அனுப்பிவிடுகிறது. மடிக்கணினியில் விண்டோஸ் நிரலுக்கு நேர்ந்தது இதுவே.

இவ்வாறு கோப்பின் தலையில் எழுதப்படும் அடையாள எண்ணின் அருமையைத் தமிழ் அறிந்தவர்களுக்கு விளக்குவது எளிது. ஒருங்குறி பரவலாவதற்கு முன், பாமினி, டாம், டாப், திஸ்கி என வெவ்வேறு குறியாக்கங்களில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்க் கோப்புகள் ஏராளம். ஒரே எண் ஒரு குறியாக்கத்தில் ஓர் எழுத்தையும் மற்றொன்றில் வேறோர் எழுத்தையும் குறித்ததோடு, எந்தக் குறியாக்கத்தில் எழுதப்பட்டது என்பதை வெற்று உரைக்கோப்பு தானாகச் சொல்வதுமில்லை. உரிய எழுத்துரு இல்லாதவர் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன, மாற்றிக் கருவியைப் பயன்படுத்துவோரும் மூலக் குறியாக்கம் எதுவென்று தாமே ஊகித்துக் குறிப்பிட வேண்டியிருந்தது. 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் இரண்டையும் தரப்படுத்தியும், 2010-இல் ஒருங்குறிக்கு மாறியும்கூட, பழைய கோப்புகளை மீட்கும் உழைப்பு நெடுங்காலம் தொடர்ந்தது. இயங்குகோப்புகளின் வடிவங்கள் அவற்றைவிட எண்ணிக்கையில் மிகுந்தவை, அமைப்பில் சிக்கலானவை. ஆயினும் ஒவ்வொன்றும் தன் குலப்பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டே பிறப்பதால், அவற்றைப் பிரித்தறியும் கருவிகளைச் செய்ய முடிந்தது.

அந்த வழக்கம் தோன்றிய வரலாறு சுவையானது. 1970-களின் யுனிக்ஸ் கணினிகளில் இயங்குகோப்பு ஏ.அவுட் என்னும் வடிவில் இருந்தது; அசெம்ப்ளரின் வெளியீடு என்பதன் சுருக்கமே அப்பெயர். எட்டின் அடிமான முறையில் 407 என்று எழுதப்படும் எண் அக்கோப்புகளின் முதலில் நின்றது. அது வெறும் அடையாளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. பிடிபி-11 என்னும் அக்காலக் கணினியின் மொழியில் 407 என்பது ஒரு கட்டளை: தலைப்பாக அமைந்த சில சொற்களைத் தாண்டி, அதற்கு அடுத்துள்ள நிரலுக்குக் குதி என்பது அதன் பொருள். தலைப்பைப் பிரித்தறியத் தெரியாத இயந்திரம் கோப்பை அப்படியே நினைவகத்தில் ஏற்றி முதல் எண்ணிலிருந்து ஓட்டினாலும் நிரல் சரியாகத் தொடங்கிவிடும். இயந்திரங்கள் மாறியபின் கட்டளை என்ற பொருள் உதிர்ந்து, அடையாளம் என்ற பொருள் மட்டும் தங்கியது. லினக்ஸும் தன் தொடக்க ஆண்டுகளில் ஏ.அவுட் வடிவையே பயன்படுத்தி, 1990-களின் நடுவில் எல்ஃப் வடிவுக்கு மாறியது. பழைய வடிவைப் படிக்கும் பகுதி 2022-இல்தான் உட்கருவிலிருந்து நீக்கப்பட்டது. விண்டோஸ் கோப்புகளிலோ இன்றும் 77, 90 என்ற எண்களைத் தொடர்ந்து டாஸில் இயங்கக்கூடிய ஒரு சிறு நிரல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டாஸ் கணினியில் அக்கோப்பை ஓட்டினால், இந்நிரல் டாஸில் இயங்காது என்ற செய்தியைக் காட்டி முடித்துக்கொள்வதே அச்சிறு நிரலின் ஒரே பணி.

பல வடிவங்களையும் ஒருசேரக் கையாளும் கருவிகளில் மிக எளியது ஃபைல் என்னும் கட்டளை. 1973-ஆம் ஆண்டின் யுனிக்ஸிலேயே இருந்த இக்கருவியை, 1980-களில் இயன் டார்வின் என்பவர் எவரும் பயன்படுத்தத்தக்க கட்டற்ற நிரலாகப் புதிதாக எழுதினார். ஒரு கோப்பின் பெயரை அதனிடம் கொடுத்தால், பெயரின் பின்னொட்டைச் சற்றும் பொருட்படுத்தாமல், உள்ளிருக்கும் பைட்டுகளைத் தன்னிடமுள்ள நீண்ட அடையாளப் பட்டியலோடு ஒப்பிட்டு, இன்ன வடிவம், இன்ன நுண்செயலிக்கானது, 32 பிட் அல்லது 64 பிட் என்று ஒரே வரியில் தெரிவிக்கிறது. அடையாள எண்கள் மோதிக்கொள்ளும் இடமும் உண்டு. ஆப்பிள் கணினிகளில், இருவேறு நுண்செயலிகளுக்கான நிரல்களை ஒரே கோப்பில் அடைக்கும் இரட்டை வடிவம் ஒன்று உள்ளது. 2006-இல் பவர்பிசியிலிருந்து இன்டெலுக்கும், 2020-இல் இன்டெலிலிருந்து தன் சொந்தச் சில்லுக்கும் ஆப்பிள் மாறியபோது பயனர்களுக்கு இடையூறு குறைந்ததில் இந்த இரட்டைக் கோப்புக்குப் பெரும் பங்குண்டு. அதன் தலையில் 202, 254, 186, 190 என்ற நான்கு எண்கள் நிற்கின்றன. ஜாவா மொழியின் கோப்புகளிலும் தொடக்கத்தில் அதே நான்கு எண்களே நிற்கின்றன. ஆகையால் ஃபைல் கட்டளை அடுத்த நான்கு பைட்டுகளையும் பார்க்க வேண்டியதாகிறது: ஆப்பிள் கோப்பில் அவ்விடத்தில் உள்ளே எத்தனை நிரல்கள் உள்ளன என்ற சிறு எண் இருக்கும், ஜாவா கோப்பில் பதிப்பெண் இருக்கும், அது 45-இலிருந்து தொடங்குகிறது. ஒரே கோப்பில் 45 நுண்செயலிகளுக்கான நிரலை எவரும் அடைக்கப்போவதில்லை என்ற நம்பிக்கையில் இந்தத் தீர்ப்பு வழங்கப்படுகிறது.

அடையாளம் காண்பதற்கு அப்பால், உள்ளே புகுந்து பிரிப்பதற்கும் மாற்றுவதற்கும் க்னூ பின்யூட்டில்ஸ் என்னும் கருவித்தொகுதி பயன்படுகிறது. எல்லா லினக்ஸ் தொகுப்புகளிலும், ஆதலால் பாஸிலும், அது கிடைக்கிறது. ஆப்ஜ்டம்ப் என்னும் கருவி இயந்திர எண்களை மீண்டும் கட்டளைப் பெயர்களாக விரித்துக் காட்டும். ஆப்ஜ்காப்பி ஒரு வடிவிலுள்ள கோப்பை வேறு வடிவில் எழுதித் தரும். ஸ்ட்ரிப் தேவையற்ற பெயர்ப்பட்டியல்களை உரித்துக் கோப்பைச் சிறிதாக்கும். இக்கருவிகளின் அடித்தளமாக பிஎஃப்டி என்னும் நூலகம் அமைந்துள்ளது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சிக்னஸ் நிறுவனத்தில் அது உருவானபோது, ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியே நிரல் எழுதுவதைத் தவிர்ப்பதே நோக்கமாக இருந்தது. எந்த வடிவக் கோப்பையும் படித்து, தனக்கென வகுத்துக்கொண்ட ஒரு பொது வடிவுக்குள் கொண்டுவந்து, தேவையான வடிவில் அது மீண்டும் எழுதுகிறது. புதிய வடிவம் ஒன்று தோன்றினால் அதற்கான பின்புறப் பகுதியை மட்டும் எழுதிச் சேர்த்தால் போதும், எல்லாக் கருவிகளும் ஒரே நாளில் அதைக் கற்றுக்கொள்கின்றன.

மொழிபெயர்ப்பில் இழப்பு நேர்வதைப் போலவே இங்கும் இழப்பு நேர்கிறது, அதை அந்நூலகத்தின் கையேடே ஒளிக்காமல் சொல்கிறது. எல்ஃப் கோப்பில் எத்தனை பகுதிகளையும் வைத்துக்கொள்ளலாம், ஏ.அவுட் கோப்பிலோ கட்டளைகள், தொடக்க மதிப்புள்ள தரவு, வெறும் இடம் என்ற மூன்றுக்கு மட்டுமே இடமுண்டு. முன்னதைப் பின்னதாக மாற்றும்போது, பொருந்தாத பகுதிகள் எங்கும் போய் ஒட்ட வழியில்லை. இந்நிலையில் பின்யூட்டில்ஸ் தொகுதியின் ஆசிரியர்கள் எடுத்த ஒரு முடிவு பெரிதும் பாராட்டத்தக்கது. எல்ஃப் கோப்பை மட்டுமே படிக்கும் ரீட்எல்ஃப் என்னும் கருவியைப் பொது நூலகத்தின் துணையின்றித் தனியே எழுதினர். நூலகத்திலேயே பிழையிருந்தால், அதைச் சார்ந்த கருவிகள் எல்லாம் ஒரே பொய்யைச் சொல்லும். சாராத ஒன்று இருந்தால் பிழை வெளிப்படும். இருவர் சாட்சி கேட்கும் பழைய பஞ்சாயத்து முறையின் நியாயம் இதில் இருக்கிறது.

அக்கருவியின் பயன் பொதுப் பயனரையும் தொடும் இடம் ஒன்று உண்டு. 64 பிட் லினக்ஸ் கணினியில் பழைய 32 பிட் நிரலை இயக்கும்போது, கோப்பு இல்லை என்ற அறிவிப்பு வருவதுண்டு. பட்டியலிட்டுப் பார்த்தால் கோப்பு அங்கேயே இருக்கும், பெயரில் எழுத்துப் பிழையும் இராது. புதியவர்கள் மணிக்கணக்கில் திகைத்து நிற்பது இங்கேதான். உண்மையில் காணாமற்போனது அந்தக் கோப்பன்று. பெரும்பாலான எல்ஃப் நிரல்கள் தமக்கு வேண்டிய பொது நூலகங்களைத் திரட்டித் தரும் ஏற்றி ஒன்றின் முகவரியைத் தமக்குள் எழுதி வைத்திருக்கின்றன. 32 பிட் நிரலுக்கான ஏற்றி அக்கணினியில் நிறுவப்படாதபோது, அந்த ஏற்றி இல்லை என்பதையே உட்கரு அவ்வாறு அறிவிக்கிறது. ரீட்எல்ஃப் கட்டளையைக் கொண்டு நிரலின் தலைப்புகளை விரித்தால் ஏற்றியின் முகவரி முழுமையாகத் தெரிந்துவிடும், உரிய தொகுப்பை நிறுவியதும் நிரல் ஓடத் தொடங்கும். மேல்நிலைப் பள்ளிக் கணினி வகுப்பில் ஒரு பாடவேளையில் இதைக் கற்பித்துவிட முடியும். ஆவணம் தட்டச்சு செய்வதைக் கற்பிக்கும் அளவு அக்கறையுடன் இதையும் கற்பிக்க வேண்டும்.

வடிவ மாற்றத்துக்குக் கடற்கரைக்கு நெருக்கமான எடுத்துக்காட்டைத் தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தருகிறது. அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கக்கூடிய பகுதி, சந்தை விலை ஆகியவற்றை மீனவருக்குக் கைபேசி வழியே தமிழில் தெரிவிப்பதற்காக, குவால்காம், டாட்டா டெலிசர்வீசஸ் ஆகியவற்றுடன் இணைந்து அந்நிறுவனம் ஃபிஷர் ஃபிரெண்ட் என்னும் செயலியை உருவாக்கியது. திறன்பேசிகள் பரவாத அந்நாளில் அது குவால்காமின் ப்ரூ என்னும் தளத்துக்காக எழுதப்பட்டது. ப்ரூ தளத்துக்குத் தனியான கோப்பு வடிவம் உண்டு. அத்தளத்துக்கு எழுதுவோர் ஆர்ம் நுண்செயலிக்கான கம்பைலரால் முதலில் எல்ஃப் கோப்பு ஒன்றை ஆக்கி, பின்னர் அதற்கென அமைந்த மாற்றிக் கருவியின் மூலம் எல்ஃபின் தலைப்புகளை உரித்து, கைபேசி ஏற்கும் வடிவில் எழுத வேண்டியிருந்தது. ப்ரூ ஓடிய அந்தச் சிடிஎம்ஏ வகைக் கைபேசிகளின் காலம் முடிந்து ஆண்ட்ராய்டு எங்கும் பரவியபோது, செயலியும் ஆண்ட்ராய்டுக்காக மீண்டும் உருவாக்கப்பட்டது. பழைய கைபேசிக்கான இயங்குகோப்பு புதிய கைபேசியில் எவ்வகையிலும் பயன்படாது. ஆனால் எத்தகவல் தேவை, எம்மொழியில் தேவை, எப்படிக் காட்ட வேண்டும் என்ற அறிவு ஆக்கியவர்களிடம் இருந்ததால் மறுபிறவி சாத்தியமாயிற்று. மூல நிரலும் அதன் பின்னுள்ள அறிவும் விதைநெல் போன்றவை, இயங்குகோப்பு சமைத்த சோறு போன்றது. பொதுப்பணத்தில் மென்பொருள் எழுதச்செய்யும் அரசுத்துறைகள் சோற்றை மட்டும் பெற்றுக்கொண்டு விதைநெல்லை ஒப்பந்ததாரரிடமே விட்டுவிடுவது, கைபேசியும் இயங்குதளமும் மாறும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து செலவழிக்கும் நிலைக்கே இட்டுச்செல்லும்.

ஆண்ட்ராய்டிலும் வடிவச் சிக்கல் முடிந்துவிடவில்லை. செயலியாக இறங்கும் ஏபிகே என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் மூட்டை. அதைப் பிரித்தால், ஆண்ட்ராய்டுக்கே உரிய டெக்ஸ் வடிவில் ஒரு பகுதியும், விரைவு வேண்டும் இடங்களுக்காக எல்ஃப் வடிவில் நூலகங்களும் இருக்கும்; அந்நூலகங்கள் 32 பிட் ஆர்முக்கு ஒன்று, 64 பிட் ஆர்முக்கு ஒன்று எனத் தனித்தனி உறைகளில் வைக்கப்பட்டிருக்கும். 2019 ஆகஸ்ட் முதல் இத்தகைய செயலிகள் 64 பிட் வடிவையும் கட்டாயம் தர வேண்டும் என்று கூகுள் பிளே விதித்தபோது, மூல நிரலைத் தொலைத்துவிட்டு ஆயத்த நூலகங்களை மட்டும் வைத்திருந்தோரே பெரிதும் இடர்ப்பட்டனர். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் மோசடிக் கோப்புகள் பற்றிக் காவல்துறையினர் எச்சரித்து வருவதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்கும். பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது படிக்கும் ஏடன்று, நிறுவினால் ஓடும் நிரல்.

கோப்பு வடிவங்கள் பற்றிய இந்த அறிவு மிகுதியும் தேவைப்படும் பணி இப்போது சென்னை ஐஐடியில் நடந்து வருகிறது. காமகோடி தலைமையிலான குழு அங்கு உருவாக்கிய சக்தி நுண்செயலி, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கி எவரும் உரிமத் தொகையின்றிப் பயன்படுத்தத்தக்கதாக வெளியிடப்பட்ட ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகிறது. 2018-இல் அதன்மேல் லினக்ஸ் ஓடியது. புதிய நுண்செயலி ஒன்று பிறந்தால் அதற்கான கருவிகளும் பிறக்க வேண்டும். அவற்றுக்கு முதலில் வேண்டுவது எல்ஃப் வடிவில் அந்நுண்செயலிக்கென ஓர் எண். எல்ஃப் தலைப்பின் 19-ஆம், 20-ஆம் பைட்டுகள் நிரல் எந்த நுண்செயலிக்கு உரியது என்பதைக் குறிக்கின்றன: வழக்கமான 64 பிட் மடிக்கணினிக்கு 62, இன்றைய கைபேசிகளின் 64 பிட் ஆர்முக்கு 183, ரிஸ்க்-ஃபைவ் குடும்பத்துக்கு 243. 2017-இல் பின்யூட்டில்ஸ் 2.28 பதிப்பும், 2018 ஜனவரியில் லினக்ஸ் 4.15 பதிப்பும் இக்குடும்பத்தை ஏற்றன. அதன் பயனாக, சக்திக்கான நிரலைச் சக்தியிலேயே எழுத வேண்டிய தேவையில்லாமற்போயிற்று. தாம்பரத்தில் ஒரு மாணவர் தம் சாதாரண மடிக்கணினியில் குறுக்குக் கம்பைலர் ஒன்றை நிறுவிக்கொண்டு, அங்கேயே 243 என்ற எண் பதிந்த கோப்பை ஆக்க இயலும்.

அதைத் தம் மடிக்கணினியிலேயே சோதித்துப் பார்க்கவும் வழியுண்டு. லினக்ஸ் உட்கருவில் 1997 முதல் பின்ஃபம்ட்-மிஸ்க் என்னும் வசதி இருக்கிறது. தான் அறியாத வடிவங்களுக்கு எந்த நிரலைத் துணைக்கழைக்க வேண்டும் என்று உட்கருவுக்கு அதன்மூலம் சொல்லி வைக்கலாம். ரிஸ்க்-ஃபைவ் கோப்புகளுக்காக அங்கே பதிவாகும் குறிப்பில் 20 பைட்டுகள் கொண்ட ஒரு மாதிரியும், எந்தெந்தப் பைட்டைக் கண்டிப்பாக ஒப்பிட வேண்டும் என்று சொல்லும் ஒரு சல்லடையும் இருக்கும். 127, 69, 76, 70 என்பன அப்படியே பொருந்த வேண்டும். எட்டாம் பைட் எதுவாயினும் ஆகுக என்று சல்லடை விட்டுவிடும். பதினேழாம் பைட்டில் மாதிரி 2 என்றிருந்தாலும், நிலையான முகவரி வேண்டாத புதுவகை நிரல்களுக்குரிய 3 என்ற எண்ணும் நுழையும்படி சல்லடையின் கண் சற்று அகலமாக்கப்பட்டிருக்கும். பத்தொன்பதாம் பைட் 243 ஆகவே இருந்தாக வேண்டும். பொருந்தியதும் உட்கரு அக்கோப்பைக் கியூஎமு என்னும் போலிநுண்செயலியிடம் ஒப்படைக்கிறது. அது ஒவ்வொரு ரிஸ்க்-ஃபைவ் கட்டளையையும் மடிக்கணினியின் கட்டளைகளாகப் பெயர்த்து ஓட்டுவதால், மெதுவாகவேனும், நிரல் ஓடி விடை தருகிறது. வெளி நூலகம் எதையும் நாடாதபடி முழுமையாக இணைத்து ஆக்கப்பட்ட அதே கோப்பை ஒரு பைட்டும் மாற்றாமல் எடுத்துச் சென்று, லினக்ஸ் ஓடும் சக்தி பலகையில் இட்டால், அங்குள்ள உட்கரு பத்தொன்பதாம் பைட்டில் 243 என்பதைக் கண்டு, மொழிபெயர்ப்பாளர் எவரையும் தேடாமல் நேரே ஓடவிடுகிறது.